ஆயாக் கொட்டகை எங்கே போனது?



சென்ற மாதம் கிளைக் கூட்டத்துக்காகப் பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். காலை ஆறரை மணி. பெரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்காட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய் மோட்டாரை முடுக்கினார். பின்னால் சாக்கு, வாளி, சோற்றுக் கூடை. முன்னால் இரண்டு வயதுப் பெண் பிள்ளை. தூக்கக் கலக்கத்தில் அதன் தலை ஆடிக்கொண்டிருந்தது.

"பிள்ளைய எங்கம்மா கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டோம்.

"வேற எங்க சார் போறது? காட்டுலதான். மரத்தடியில சாக்க விரிச்சு உக்கார வச்சிட்டு நான் பழம் பொறுக்குவேன். மூத்தவ இருந்தா அவகிட்ட விட்டுட்டு வருவேன். அவளுக்கு இன்னைக்குப் பரீட்சை. என்ன செய்யச் சொல்றீங்க?"

மூத்தவளுக்கு வயது பத்து. நான்காம் ஆண்டில் படிக்கிறாள். பரீட்சை நாளில் அக்காள் பள்ளிக்கூடம் போகிறாள், தங்கை காட்டுக்குப் போகிறது. மற்ற நாட்களில்? வாரத்துக்கு இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள், தங்கை வீட்டில் இருக்கிறது, அக்காள் பள்ளிக்கூடம் போவதில்லை.

செம்பனைக் காடு பிள்ளை உட்காரும் இடமா? பழக்குலை ஒன்று இருபது கிலோ வரும். அது மேலிருந்து விழும்போது பெரியவர்களே ஒதுங்கி ஓட வேண்டும். மட்டையெல்லாம் முள். பாம்பு உண்டு, டிராக்டர் போகும், பக்கத்து வரிசையில் மருந்து அடிப்பார்கள். அந்தத் தாய்க்கு இதெல்லாம் தெரியாதா? நமக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தெரியும். தெரிந்தும் கூட்டிக்கொண்டு போகிறார் என்றால், வேறு வழி இல்லை என்று பொருள்.

திரும்பும் வழியில் பழைய லயத்துப் பக்கம் ஒரு சிமெண்டுத் தரையைக் கண்டோம். சுவர் இல்லை, கூரை இல்லை. நான்கு தூண்களில் இரண்டு நிற்கின்றன. "இது என்ன?" என்று கிளைச் செயலாளரைக் கேட்டோம். "ஆயாக் கொட்டாய் இருந்த எடம் சார்" என்றார்.

அன்று இருந்த ஏற்பாடு

நாற்பது வயதைத் தாண்டிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகையைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. நாமும் அங்கே தூளியில் ஆடியவர்கள்தாம். விடியற்காலை ஐந்து மணிக்கு, பெரட்டுக்குப் போகும் முன், தாய் தூங்குகிற பிள்ளையைப் போர்வையோடு தோளில் போட்டுக்கொண்டு வருவார். ஆயாம்மா வாங்கித் தூளியில் கிடத்துவார். விடிந்ததும் முகம் கழுவிப் பசியாறப் பாலும் ரொட்டியும் கிடைக்கும். பால் நிறுத்து முடிந்து தாய் வரும்வரை பிள்ளை அங்கேதான்.

பால்மரக் காட்டில் வெட்டியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். வெட்டு விடியலுக்கு முன்பே தொடங்க வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓடாது. கைப்பிள்ளைக்காரி வீட்டில் தங்கினால் அன்றைய நிரை வெட்டாமல் கிடக்கும். ஆகவே, பிள்ளையைப் பார்க்க ஒரு கொட்டகையும் ஒரு கிழவியும் முதலாளிக்கே தேவைப்பட்டன. அவர்கள் இரக்கப்பட்டுக் கட்டினார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்தக் கொட்டகை சொர்க்கமும் அன்று. வெட்ட முடியாமல் போன ஒரு மூதாட்டி, இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்த இடங்கள் உண்டு. ஒரு பிள்ளைக்குச் சிரங்கு வந்தால் எல்லாப் பிள்ளைக்கும் வரும். படம், பாட்டு, விளையாட்டுச் சாமான் என்று எதுவும் இல்லை. என்றாலும் ஒன்று உறுதியாக இருந்தது: தாய் வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்க்கும் செலவு தோட்டத்துக் கணக்கில் எழுதப்பட்டது. தாயின் சம்பளத்தில் பிடிக்கவில்லை. அக்காளின் பள்ளிக்கூட நாளையும் திருடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டுத் தோட்டச் சட்டங்களில் பத்து என்ற எண் பழைய எண். 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். அப்படி எழுந்த தோட்டப் பள்ளிகள்தாம் பிற்காலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை.

சிறு பிள்ளைகளுக்கும் அதே எண்தான். 1990 ஆம் ஆண்டில் வந்த 446 ஆம் சட்டம் தொழிலாளர்களின் வீட்டு வசதி, அடிப்படை வசதி பற்றியது. வேலையிடத்தில் குடியிருக்கும் தொழிலாளர்களுக்கு நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பத்து அல்லது அதற்கு மேல் இருந்தால், முதலாளி தம் செலவில் குழந்தைக் காப்பகம் அமைக்க வேண்டும் என்கிறது அது. இந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. 2019 இல் திருத்தப்பட்டபோதும் ரத்தாகவில்லை. ஆயாக் கொட்டகையெல்லாம் அந்தக் காலத்துக் கதை என்று யாராவது சொன்னால், 446 ஐ எடுத்துக் காட்டுங்கள்.

ஆனால் இந்தச் சட்டத்தில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. ஒன்று, 'பத்து'. இன்னொன்று, 'குடியிருக்கும்'.

நாம் போன தோட்டத்தில் நான்கு வயதுக்குக் கீழே ஏழு பிள்ளைகள். "சட்டத்தில் பத்து, இங்கே ஏழுதான்" என்பது நிர்வாகத்தின் பதில். நான்கு மைலுக்கு அப்பால் அதே நிறுவனத்தின் இன்னொரு தோட்டம், அங்கே ஐந்து பிள்ளைகள். சேர்த்தால் பன்னிரண்டு. நிர்வாகம் சேர்க்காது, தனித்தனியாகத்தான் எண்ணும். மேலும், அங்கே வேலை செய்யும் நான்கு தாய்மார்கள் பக்கத்துத் தாமானில் வாடகைக்கு இருக்கிறார்கள். காலையில் வந்து வேலை செய்து மதியம் திரும்புகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தோட்டத்தில் குடியிருக்கவில்லை. ஆகவே கணக்கில் இல்லை.

கொட்டகை எப்படி மறைந்தது?

யாரும் ஒரு நாள் உத்தரவு போட்டு ஆயாக் கொட்டகையை இடிக்கவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையில் அறுவடை ஆண்களுடைய வேலை ஆனது. பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவதும் உரம் போடுவதும் மருந்து அடிப்பதும் மிச்சம். பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. நம் மக்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் போனார்கள். காலியான லயங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் குடும்பத்தை அழைத்து வரக்கூடாது என்பது அனுமதிச் சீட்டின் நிபந்தனை. குடும்பம் இல்லாத லயத்தில் பிள்ளை ஏது? பிள்ளை இல்லாத இடத்தில் கொட்டகை எதற்கு? இப்படித்தான் சட்டம் ஏட்டில் இருக்க, கொட்டகை மண்ணோடு போனது.

தோட்டம் மூடப்பட்டபோது தமிழ்ப்பள்ளியைக் காப்பாற்றப் பலர் போராடினார்கள். 1957 இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520-க்குச் சற்று மேல் என்று குறைந்தாலும், பல பள்ளிகள் தோட்டத்திலிருந்து புதிய குடியிருப்புகளுக்கு இடம் மாறி உயிரோடு இருக்கின்றன. ஆயாக் கொட்டகையை இடம் மாற்றித் தாருங்கள் என்று யார் கேட்டோம்? சங்கத்துக்காரர்கள் நாமும் கேட்கவில்லை. சம்பளம், போனஸ், விலைப்படி என்று ஓடினோம். 'பிள்ளை வளர்ப்பது பெண்கள் பாடு' என்று சும்மா இருந்துவிட்டோம். நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம்.

செலவு யார் தலையில்?

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1984 ஆம் ஆண்டுக் குழந்தைக் காப்பகச் சட்டப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்கு உட்பட்ட நான்கு பிள்ளைகள் அல்லது அதற்கு மேல் கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் இடம் காப்பகம் ஆகும். அதை நாம் 'தாஸ்கா' என்கிறோம். சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயதுவரை பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஒருவர் இருபது பிள்ளைகளைப் பார்த்த காலம் திரும்ப வேண்டாம்.

அந்தத் தோட்டத்து ஏழு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிள்ளை இரண்டு, தத்தித் தத்தி நடப்பவை மூன்று, மூன்று வயதைத் தாண்டியவை இரண்டு. விதிப்படி மூன்று பேர் வேண்டும். கொஞ்சம் தாராளமாக இரண்டே பேர் என்று வைப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. இரண்டு பேருக்கு 3,400. ஏழு பிள்ளைகளுக்குப் பங்கு போட்டால் தலைக்கு 485 வெள்ளி. பால், சோறு, மின்சாரம், சேமநிதி, சொக்சோ எதுவும் இன்னும் சேரவில்லை.

பழம் பொறுக்கும் தாயின் சம்பளமும் அதே 1,700 தான். நான்கு வயதுக்குள் இரண்டு பிள்ளைகள் இருந்தால் 970 வெள்ளி அதற்கே போய்விடும். அப்புறம் எதற்கு வேலைக்குப் போவது? போகாமல் எப்படிச் சாப்பிடுவது?

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பிள்ளையைப் பார்ப்பதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஒரு தொழிலாளியின் சம்பளத்திலிருந்து இன்னொரு தொழிலாளிக்கு நியாயமான சம்பளம் கொடுக்க முடியாது. அதனால்தான் உலகத்தில் எங்கே நல்ல காப்பகம் நடந்தாலும், அரசாங்கமோ முதலாளியோ இருவருமோ சேர்ந்து பணம் போடுகிறார்கள்.

முதலாளி விட்டுவிட்டார் என்பதற்காகச் செலவு காணாமல் போய்விடவில்லை. அது இடம் மாறிவிட்டது. தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் இருந்த செலவு, இன்று பத்து வயதுப் பெண்ணின் பள்ளி வருகைப் புத்தகத்தில் 'வரவில்லை' என்று பதிவாகிறது. மாதம் எட்டு நாள், பத்து நாள் என்று கட்டிக்கொண்டிருப்பவள் அவள்தான்.

அரசாங்கப் பணம் எங்கே போகிறது?

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தொழிற்சங்கங்கள் நெடுங்காலம் கேட்டது அது. தமிழ்ப்பள்ளிகளோடு சேர்ந்த பாலர் பள்ளி வகுப்புகளைக் கல்வி அமைச்சு நடத்துகிறது. ஒரு வகுப்பில் 25 பிள்ளைகள், கட்டணம் இல்லை. இடம் கிடைத்த பிள்ளைக்கு அது வரப்பிரசாதம்.

ஆனால் 98 ஆம் நாளுக்கும் பாலர் பள்ளிக்கும் நடுவில் என்ன இருக்கிறது? மூன்று மாதக் கைப்பிள்ளை ஐந்து வயதாகும்வரை எங்கே இருக்கும்? அந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். மூளையும் பேச்சும் வேகமாக வளரும் ஆண்டுகள் அவைதாம் என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இப்படி.

அந்த வயதுக்காக அரசாங்கம் கொடுக்கும் பெரிய சலுகை ஒன்று உண்டு. பதிவு பெற்ற காப்பகத்துக்கும் பாலர் பள்ளிக்கும் கட்டணம் கட்டினால், ஆண்டுக்கு 3,000 வெள்ளிவரை வருமான வரியில் கழிவு கேட்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. வரி கட்டுகிறவருக்கு அது பணம். மாதம் 1,700 வாங்கும் நம் தாய்க்கு வரியே இல்லை, எதிலிருந்து கழிப்பது? ஆக, சலுகை சம்பளம் கூடுதலாக உள்ளவர் வீட்டுக்குப் போகிறது. தோட்டத்து வாசலில் நிற்பதில்லை.

கிராமப்புறப் பிள்ளைகளுக்குக் கெமாஸ் நிலையங்கள் இருக்கின்றன. கம்பத்தில் குறைந்த செலவில் பிள்ளைகள் படிக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் கம்பம், இந்தப் பக்கம் தோட்டம். தோட்டம் தனியார் நிலம், கிராம மேம்பாட்டுத் திட்டம் உள்ளே வராது என்றே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். மழை மட்டும் இரண்டு பக்கமும் பெய்கிறது!

இந்தியர்களுக்கென்று 2018 இல் அமைந்த மித்ராவுக்கு 2023 வரவு செலவுத் திட்டத்தில் 100 மில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள். பாலர் பள்ளிக் கட்டண உதவியும் அதன் திட்டங்களில் ஒன்றாக இருந்துள்ளது. நல்ல காரியம். அதே கை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, தூளிப் பிள்ளைவரை நீள வேண்டும் என்கிறோம்.

இது தமிழ்ப் பிள்ளைகளின் பாடு மட்டும் அன்று. சபா தோட்டங்களில் இந்தோனேசிய, பிலிப்பீன் தொழிலாளர்களின் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிக்குப் போக வழியில்லாமல் இருந்தார்கள். 1991 முதல் ஹியூமானா என்ற சங்கம் அங்கே கற்றல் நிலையங்களை நடத்துகிறது. தோட்டக் கம்பெனிகளும் அதற்குக் கை கொடுத்தன. காட்டில் குடும்பத்தோடு ஆட்கள் தேவைப்பட்ட இடத்தில் கம்பெனிக்கு இடமும் கிடைத்தது, பணமும் கிடைத்தது. அங்கே கிடைத்தது இங்கே ஏன் கிடைக்காது?

நாம் கேட்பது

முதலாவது, பிள்ளைக் கணக்கு தொழிலாளியைத் தொடர வேண்டும், லயத்தை அல்ல. தாமானில் வாடகைக்கு இருந்து தோட்டத்தில் வேலை செய்பவரின் பிள்ளையும் எண்ணப்பட வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் ஒரே நிறுவனத்துடையவை என்றால் சேர்த்து எண்ண வேண்டும். 446 ஆம் சட்டத்தில் அதற்கேற்ற திருத்தம் வேண்டும்.

இரண்டாவது, செலவைப் பங்கு போட வேண்டும். கட்டடமும் தண்ணீரும் மின்சாரமும் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வண்டியும் தோட்டத்துப் பொறுப்பு. பராமரிப்பாளரின் சம்பளத்தை அரசாங்கம் ஏற்கட்டும். பெற்றோர் தம்மால் முடிந்த சிறு தொகை கொடுக்கட்டும். காப்பகம் நடத்தும் முதலாளிக்கு வரிச் சலுகை ஏற்கெனவே உண்டு, அவர்கள் அழ வேண்டியதில்லை.

மூன்றாவது, ஆயாம்மா வேலையைச் சாதாரண வேலையாக நினைக்கக்கூடாது. தோட்டத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, குறைந்தபட்சச் சம்பளம், சேமநிதி, சொக்சோவோடு நியமிக்க வேண்டும். மருந்து அடித்து உடம்பு கெட்ட தாய்மார்களுக்கு அதுவே ஒரு நல்ல மாற்று வேலை.

நான்காவது, முதலாளிகள் சங்கமான மாப்பாவோடு பேசும் கூட்டு ஒப்பந்தத்தில் பிள்ளைப் பராமரிப்பு ஓர் அம்சமாக ஏற வேண்டும். காப்பகம் வைக்க முடியாத இடத்தில் பராமரிப்புப் படியாவது கொடுக்க வேண்டும். 1954 இல் ஐந்து சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, மாதச் சம்பளம் என்பதும் நடக்காத கனவு என்றுதான் சொன்னார்கள்.

இன்று நீங்கள் செய்யக்கூடியது

கோரிக்கை எல்லாம் மேலே போகட்டும். கீழே நாம் செய்ய வேண்டியதும் உண்டு.

உங்கள் தோட்டத்தில் நான்கு வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள்? நம் கிளைகளில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தாய் தகப்பன் பெயர், வீட்டு எண், காலையில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதுங்கள். அக்காள் அல்லது அண்ணன் என்றால் அவருடைய வயதையும் எழுதுங்கள். இந்தோனேசியக் குடும்பம், வங்காளதேசக் குடும்பம் இருந்தால் அவர்கள் பிள்ளையையும் சேருங்கள். பிள்ளைக்கு ஏது பாஸ்போர்ட்டு வித்தியாசம்?

பத்து வந்தால், 446 ஆம் சட்டத்தைக் குறிப்பிட்டு நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுங்கள். நகலைத் தொழிலாளர் இலாகாவுக்கும் சங்கத்துக்கும் அனுப்புங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

பத்து வரவில்லை என்றாலும் கடிதம் எழுதுங்கள். உங்கள் நிறுவனம் ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் வைத்திருக்கிறதா என்று விசாரியுங்கள். 2018 இல் வந்த அதன் விதிகளில், புதிதாய்ப் பிள்ளை பெற்ற தாய்மார்களின் தேவைகளை அவர்களிடமே கேட்டு அறிந்து, அதற்கு ஆவன செய்ய வேண்டும் என்று இருக்கிறது. தணிக்கைக்காரர்கள் வரும்போது தாய்மார்களைப் பேச விடுங்கள். துரைக்கும் மண்டோருக்கும் பின்னால் நின்றுகொண்டு தலையாட்ட வேண்டாம்.

வீட்டில் நாலு பிள்ளைகளைக் கூலிக்குப் பார்க்கும் பாட்டிமார்களுக்கும் ஒரு வார்த்தை. பயந்து ஒளிந்து பார்க்காதீர்கள். பத்துக்குக் குறைவான பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பார்க்கவும் சமூகநல இலாகாவில் பதிவு உண்டு. பதிந்தால் நாளைக்கு உதவி கேட்க ஒரு முகவரி இருக்கும்.

அந்தத் தோட்டத்துக் கிளைக் கூட்டத்தில் அன்று மாலை இதைத்தான் பேசினோம். காலையில் மோட்டாரில் பார்த்த தாயும் வந்திருந்தார். சின்னவள் மடியில் தூங்கினாள். மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நோட்டு வாங்கலாம் என்று தீர்மானம் ஆனதும், யார் எழுதுவது என்று கேட்டோம். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் எழுதறேன் சார்" என்றாள் மூத்தவள். "எனக்கு எழுத்து நல்லா வரும்."

அவள் எழுதிய பட்டியல் இப்போது நம் மேசைமேல் இருக்கிறது. ஏழு பெயர்கள். கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. இரண்டாவது பெயர் அவள் தங்கையுடையது. 'யார் பார்த்துக்கொள்வது' என்ற இடத்தில் 'நான்' என்று எழுதியிருக்கிறாள்.

அந்தப் பட்டியலோடு கடிதம் போய்விட்டது. பதில் வரும்வரை விடமாட்டோம். உங்கள் தோட்டத்துப் பட்டியலையும் அனுப்பி வையுங்கள்.